சங்கிலி ரம்பமும் கை அரமும்

கூர்மையின் அருமையை நமது குடியானவர்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டுவதில்லை. ஜவ்வாது மலையில் விறகுக்குப் புறப்படும் ஒருவர், வாசலில் கிடக்கும் கல்லில் கொடுவாளை நாலு தேய்ப்புத் தேய்த்து, கட்டை விரலால் அதன் வாயைத் தடவிப் பார்த்த பின்னரே அடியெடுத்து வைக்கிறார். சாமை அறுவடைக்கு முன்னர்க் கருக்கரிவாள் கொல்லர் பட்டறைக்குச் சென்று புதுக் கருக்குடன் வீடு திரும்புகிறது. மழுங்கிய ஆயுதம் உடம்பைத் தின்னும் என்பது வழிவழியாக வந்த அறிவு. ஆயினும், ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்கிய சங்கிலி ரம்பத்தின் விஷயத்தில் மாத்திரம் அவ்வறிவை நாம் கைவிட்டுவிட்டோம். அதன் பல் மழுங்கினால், இயந்திரம் கெட்டது என்று நினைக்கிறோம். அல்லது சங்கிலியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கீழ்நாட்டுக் கடைக்குப் பஸ் ஏறுகிறோம்.

இவ்வழக்கம் நஷ்டமானது; அபாயமும் ஆனது. ரம்பத்தை ஓட்டுபவரே, மரத்தடியிலேயே, கை அரத்தால் அதன் பற்களைத் தீட்டிக்கொள்ள வேண்டும். சாணை இயந்திரம் அருமையாகவே உபயோகப்பட வேண்டும் என்பது நமது கருத்து. இதற்கான காரணங்களையும் செய்முறையையும் நிலமுடையோர்க்கும் கிராம அதிகாரிகளுக்கும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் மலையின் நிலைமையைக் கவனிப்போம். ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று ஜில்லாக்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊரார் கீழே இறங்கிப் போளூருக்கும், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவற்றின் மக்கள் திருப்பத்தூருக்கும் செல்வது வழக்கம். சங்கிலியைச் சாணை பிடிக்க ஒருவர் இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போயிற்று. மரத்தடியில் காத்திருக்கும் ஆட்களின் கூலியும் அதனோடு சேர்ந்தது. சமவெளியில் அரை மணி நேரத்தில் முடியும் காரியம் மலையில் ஒரு பகலை விழுங்குகிறது.

ரம்பத்திற்கு மலையில் வேலையும் குறைவில்லை. பட்டா நிலத்து வரப்பில் நிற்கும் புளியும் பலாவும் காற்றில் சாய்கின்றன. முதிர்ந்த மாந்தோப்புகளில் பெருங்கிளைகளைக் கவாத்து செய்ய வேண்டியிருக்கிறது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரிக்கருகில் கரையேறிய ஃபெஞ்சல் புயல், திருவண்ணாமலை ஜில்லாவிலும் பெருமழையைக் கொட்டிச் சென்றதை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாட்களில் பாதையில் விழுந்த ஒரு மரம் ஓர் ஊரையே வெளியுலகினின்று துண்டித்துவிடும். நோயாளியை ஏற்றிய வண்டி அப்பால் நிற்க, இப்பால் மழுங்கிய ரம்பம் புகைந்துகொண்டிருப்பதைப் போன்ற துன்பம் வேறில்லை.

நாம் நேரிற் கண்ட ஒன்றைச் சொல்வோம். மலையில் ஓர் ஊரில், வீட்டின் மேல் சாய்ந்துகொண்டிருந்த பலா மரத்தை அறுக்க வாடகை ரம்பம் ஒன்று வந்தது. முதல் வெட்டு நன்றாகவே இறங்கிற்று. பிறகு மரத்தின் மேலிருந்த மண்ணையும், அடிமரத்தில் பதிந்திருந்த சிறு கல்லையும் சங்கிலி தொட்டது. அதன்பின் வெளிவந்தது சீவல் அன்று, மாவு. ஓட்டியவர் ரம்பத்தைத் தம் முழு உடல் பாரத்தையும் கொடுத்து அமுக்கினார். வெட்டு ஒரு பக்கமாகக் கோணிற்று. மரம் கருகி மணம் வந்தது. அருகிலிருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, கோடாலியாயிருந்தால் இந்நேரம் தீட்டியிருப்பாயே!” என்றார். ஓட்டியவருக்கு மறுமொழியில்லை, அவர் பையில் பெட்ரோல் இருந்தது, எண்ணெய் இருந்தது, அரம் இல்லை. வேலை மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. கடையினின்று திரும்பிய சங்கிலியின் பற்களில் நீலம் பாய்ந்திருந்தது. அன்று மாலைக்குள் அது மறுபடியும் மழுங்கிற்று. குற்றம் அவருடையதன்று; இயந்திரத்தைக் கையில் கொடுத்தவர்கள் அரத்தைக் கொடுக்கவில்லை என்பதே குற்றம்.

சங்கிலியின் பல் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்தால் மற்றவை எளிதில் விளங்கும். கைரம்பத்தின் பல் மரத்தைக் கீறிக் கீறி அறுக்கிறது. ஆதிகாலச் சங்கிலி ரம்பங்களின் பற்களும் அவ்வாறே கீறுவனவாயிருந்தன, அடிக்கடி மழுங்கின. அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் ஜோசப் காக்ஸ் என்னும் மரம்வெட்டி, 1946-இல் ஒரு மரக்கட்டையில் வண்டின் புழு ஒன்று இடமும் வலமும் மாறி மாறிக் கடித்து, நாரின் போக்கிலும் குறுக்கிலும் ஒன்றுபோலத் துளைத்துச் செல்வதைக் கவனித்தார். அப்புழுவின் தாடையைப் போலவே எஃகிற் பல் செய்து, 1947-இல் சங்கிலி விற்கத் தொடங்கினார். இன்று உலகெங்கும் வழங்கும் சங்கிலிகள் பெரும்பாலும் அவ்வமைப்பின் வழிவந்தவை. நம் மாமரத் தண்டைத் துளைத்துக் கெடுக்கும் புழுவும் அதே நீள்கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததே. தோப்பில் நாம் சபிக்கும் புழுவின் இனத்தான் ஒருவன் ரம்பத்திற்கு ஆசிரியனாயினான்.

ஆதலால் இக்காலத்துச் சங்கிலியின் பல் கீறுவதன்று. உளியைப் போலவும் இழைப்புளியைப் போலவும் சீவி எடுப்பது. ஒவ்வொரு பல்லிலும் இரண்டு பாகங்கள் உண்டு. பின்னால் இருப்பது வெட்டும் வாய். மேற்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையே அதன் உயிர். முன்னால் இருப்பது ஒரு சிறு மேடு. வாய் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுவே நிர்ணயிக்கிறது. இதனை அளவுமேடு என்று சொல்வோம். வாய் கூராகவும் மேடு உரிய அளவிலும் இருந்தால், ரம்பம் தன் பாரத்தாலேயே மரத்தில் இறங்கும். ஓட்டுபவர் அதனைத் தாங்கிப் பிடித்தாற் போதும்.

மழுங்கிய பல்லின் தீமைகள் பல. சீவ வேண்டிய பல் தேய்க்கிறது. தேய்ப்பதால் சூடு பிறக்கிறது. அச்சூட்டில் சங்கிலி நீண்டு தொய்கிறது. தொழிலாளர் ‘பார்’ என்று வழங்கும் நீண்ட தகட்டின் விளிம்பு தேய்கிறது. பெட்ரோலும் எண்ணெயும் வீணாகின்றன. இவை பணநஷ்டம். உடம்பு நஷ்டம் இதனினும் பெரிது. அமுக்கி ஓட்டுபவருக்கு அதிர்வு அதிகம். பல்லாண்டு அவ்வதிர்வைத் தாங்கிய விரல்கள் உணர்விழந்து வெளுத்துப்போகும் நோய் மரம் அறுப்போரிடையே உலகெங்கும் அறியப்பட்டது. களைத்த கை தவறும். சங்கிலி விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். தகட்டு நுனியின் மேற்பாகம் ஏதேனும் ஒன்றில் இடித்தால், கண்ணிமைக்குமுன் ரம்பம் மேல்நோக்கி எகிறி ஓட்டுபவரின் முகத்தை நாடும். மழுங்கிய ரம்பத்தை அமுக்குவோருக்கு இவ்வபாயம் மிகுதி.

இனிச் சாணை இயந்திரத்தைப் பற்றிச் சொல்வோம். அதனை முற்றும் வெறுப்பது நம் நோக்கமன்று. ஆணியிலோ கல்லிலோ மோதிப் பற்கள் உடைந்திருந்தாலும், இடப்பக்கப் பற்கள் நீண்டும் வலப்பக்கப் பற்கள் குறுகியும் போயிருந்தாலும், கோணத்தைத் திட்டமாக நிறுத்தும் நல்ல சாணை அவற்றை ஒரே அளவுக்குக் கொண்டுவரும். அவ்வேலைக்கு அரம் வெகுநேரம் பிடிக்கும். ஆனால் நம் கடைகளில் வழக்கமாக நடப்பது வேறு. வாடிக்கைக்காரர் காத்திருக்கிறார், கல் பல்லின்மேல் அழுத்திப் பிடிக்கப்படுகிறது, பொறி பறக்கிறது, பல் நீலமாகிறது. அந்நீலம் எஃகின் பதம் கெட்டதற்கு அடையாளம். அப்பல்லில் வாய் நில்லாது; சில சமயம் அவ்விடம் கண்ணாடிபோல் இறுகிப்போய், பின்னர் அரம் வைத்தால் வழுக்கும். மேலும், ஒரு முறை சாணை பிடிப்பதில், அரத்தால் பல முறை தீட்டுவதற்குப் போதுமான எஃகு தேய்ந்துபோகிறது. சங்கிலியின் ஆயுள் பல்லின் நீளமே. அதனை அள்ளிக் கொடுப்பது விதைநெல்லைக் குத்தித் தின்பது போன்றது.

கையிற் பிடித்துச் சுழற்றும் வட்டத்தகட்டுச் சாணையால் சங்கிலியைத் தொடுவோர் அதனினும் பெரிய தவறு செய்கின்றனர். அதில் கோணமும் நில்லாது, அளவும் நில்லாது. சாணை வைத்தே ஆகவேண்டுமானால், கல்லைச் சுத்தமாக்கி, பல்லைத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும்; அழுத்தி வைக்கலாகாது. கடைக்காரரிடம் இதனைச் சொல்லிக் கேட்க வாடிக்கைக்காரருக்கு உரிமை உண்டு. நீலம் பாய்ந்த சங்கிலியை ஏற்க மறுக்கவும் உரிமை உண்டு.

கை அரத்தின் வேலை இவ்வளவு கடினமானதா என்று சிலர் ஐயுறலாம். கணக்குப் பாருங்கள். சிறு ரம்பங்களில், தகட்டின் பள்ளத்தில் ஓடும் கண்ணிகள் 56 கொண்ட சாதாரணச் சங்கிலியில் 28 பற்களே உள்ளன. பல்லுக்கு மூன்று தள்ளல் வீதம் 84 தள்ளல்கள். பழகிய கைக்குப் பத்து நிமிஷ வேலை. ஒரு வெற்றிலை போடும் ஓய்வில் முடிந்துவிடும்.

முதலாவது, சங்கிலிக்கு ஏற்ற உருண்டை அரத்தை வாங்குக. அடுத்தடுத்துள்ள மூன்று ஆணிகளின் தூரத்தை அளந்து இரண்டால் வகுத்தால் வருவதே சங்கிலியின் கண்ணி அளவு. 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் அரம் ஏற்றது. 3/8 அங்குலச் சங்கிலியில் இரு வகை உண்டு. சிறு ரம்பங்களில் வரும் தாழ்ந்த பல் வகைக்கு 4 மில்லிமீட்டர் அரமும், பெரிய ரம்பங்களில் வரும் வகைக்குத் தயாரிப்பாளர் சொற்படி 5.2 அல்லது 5.5 மில்லிமீட்டர் அரமும் வேண்டும். அளவு தவறிய அரம் வாயைக் கொக்கியாக்கும், அல்லது மொண்ணையாக்கும். கடைக்குச் செல்லும்போது ரம்பத்துடன் வந்த புத்தகத்தையோ பழைய சங்கிலியையோ எடுத்துச் செல்வது நன்று.

இரண்டாவது, இயந்திரத்தை நிறுத்தி, சுவிட்சை அணைத்து, சூடு தணிந்த பின்னர், தகட்டை ஒரு கட்டையில் வெட்டிய பிளவில் அசையாதபடி இருத்துக. சங்கிலி நகராதிருக்கத் தடையைப் போடுக. அடுத்த பற்களை முன்னுக்கு இழுக்கும்போது மாத்திரம் அதனை எடுக்கலாம். கைக்கு உறை அவசியம். பிசினும் மண்ணும் ஒட்டிய சங்கிலியைத் துடைத்துவிட்டே அரத்தை எடுக்க வேண்டும்.

மூன்றாவது, மிகவும் தேய்ந்த பல் எதுவென்று பார்த்து, அதனை முதலில் தீட்டி அளவாகக் கொள்க. மற்றப் பற்களெல்லாம் அதன் நீளத்திற்கே வர வேண்டும். நீண்ட பல் ஒன்று எஞ்சினாலும் ரம்பம் குதிக்கும், ஒரு பக்கம் நீண்டால் வெட்டு கோணும். அரத்தைப் பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் தள்ளுக. திரும்ப இழுக்கும்போது தூக்கி எடுத்துவிடுக, ஏனெனில் அரம் முன்னோக்கியே அறுக்கும். கோணம் பெரும்பாலான சங்கிலிகளுக்கு 30 பாகை. பல்லின் மேற்பலகையின் பின்பகுதியில் பல தயாரிப்பாளர்கள் பொறித்திருக்கும் சாய்வுக்கோட்டுக்கு இணையாக அரம் சென்றால் அதுவே சரியான கோணம். அரத்தின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேலே தெரிய வேண்டும். ஒரு பக்கத்துப் பற்களை முழுவதும் முடித்துவிட்டு, ரம்பத்தின் மறுபக்கம் சென்று மற்றவற்றைத் தீட்டுக. வலக்கைப் பழக்கமுடையோர் ஒரு பக்கத்தை அறியாமலே பலமாகத் தேய்த்துவிடுவது இயல்பு. ஆகவே தள்ளல்களை எண்ணிக்கொண்டே செய்க.

வாய் கூராயிற்றா என்பதை ஒளியிற் பார்த்து அறியலாம். மழுங்கிய வாய் வெளிச்சத்தில் வெள்ளிக்கம்பிபோல் மின்னும். கூரான வாய் மின்னாது. மேற்பரப்பில் மெல்லிய குரோமியப் பூச்சு உண்டு. அதுவே வாயைக் காக்கும் கவசம். பூச்சு உதிர்ந்த மூலை மறையும் வரையில் தீட்டினாலன்றிக் கூர்மை நிலைக்காது.

நான்காவது, அளவுமேட்டை மறவாதீர். பல்லின் மேற்பலகை பின்னோக்கிச் சரிவாயிருப்பதால், தீட்டத் தீட்ட வாய் தாழ்கிறது; மேடோ அப்படியே நிற்கிறது. ஆதலால் மூன்று நான்கு முறை தீட்டிய பிறகு, அளவுச் சட்டத்தை வைத்து, மேலே துருத்தும் பாகத்தைத் தட்டை அரத்தால் தேய்த்து, முன்மூலையைப் பழையபடி உருட்டிவிட வேண்டும். பெரும்பாலான சிறு, நடுத்தர ரம்பங்களில் வாய்க்கும் மேட்டுக்கும் இருக்க வேண்டிய வித்தியாசம் 0.65 மில்லிமீட்டரே. நன்றாகத் தீட்டியும் ரம்பம் கடிக்கவில்லை என்று முறையிடுவோர் பலரும் இதனை மறந்தவர்களே. ஆனால் ஆத்திரத்தில் மேட்டை அதிகமாகத் தேய்த்துவிட்டாலோ, பல் வெறிகொண்டு கடிக்கும், ரம்பம் எகிறும். கண்ணளவை நம்பி மேட்டைத் தொடலாகாது.

எப்பொழுது தீட்டுவது? மழுங்கிய பின் அன்று. பெட்ரோல் ஊற்ற நிற்கும் ஒவ்வொரு வேளையிலும் பல்லுக்கு இரண்டு மூன்று தள்ளல் கொடுத்துவிட்டால் சங்கிலி மழுங்கவே மழுங்காது. மண்ணையோ கல்லையோ தொட்டுவிட்டால் அந்த நிமிஷமே நிறுத்தித் தீட்டுக. அடுத்த வெட்டைத் தொடங்குவது பண நஷ்டம். மண் படிந்த அடிமரத்தை அறுக்கும் முன் பட்டையைக் கோடாலியால் செதுக்கி எறிவதும் நல்ல வழக்கம். பற்கள் தேய்ந்து, தயாரிப்பாளர் பொறித்த கடைசி அடையாளத்தை எட்டிவிட்டால் சங்கிலியை மாற்றிவிடுக. அப்பால் பல் உடைந்து தெறிக்கலாம்.

இதனை வாசிக்கும் கிராம அதிகாரிகளுள் சிலர், ரம்பத்தைக் கூராக்கக் கற்பிப்பது காட்டை அழிக்கக் கற்பிப்பதாகாதோ என்று கேட்கக்கூடும். சந்தன மரங்களின் கதியை அறிந்த மலையில் இக்கேள்வி நியாயமானதே. ரிசர்வ் காடுகளை 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டம் காக்கிறது. சந்தனம் பட்டா நிலத்தில் நின்றாலும் வன இலாகாவின் அனுமதியின்றித் தொடலாகாது. அச்சட்டங்களை அமல் நடத்துவது வேறு காரியம். மழுங்கிய ரம்பம் திருடனைத் தடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. உழைப்பாளியின் கையைக் கெடுத்ததையே கண்டிருக்கிறோம். பிற மரங்களை வெட்டவும் அனுமதி தேவையா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வன அலுவலரிடமும் முன்னரே விசாரித்துக்கொள்வது நில உடைமையாளரின் கடமை.

இனி நம் இலாகாவினர்க்கும் ஒரு சொல். 2014-15 முதல் மத்திய சர்க்காரின் வேளாண் இயந்திரமயத் திட்டத்தால் வாடகை மையங்கள் பல ஏற்பட்டுள்ளன. இயந்திரத்தை ஊருக்கு அனுப்புவதோடு நம் கடமை தீர்ந்ததென்று எண்ணலாகாது. 2018-ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் ஜில்லாக்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தபோது, அவற்றை அறுத்து அகற்றுவதே பெரும்பாடாயிற்று. தென்னையின் தண்டு எஃகை விரைவில் மழுக்கும்; அந்நாட்களில் ஒவ்வொரு ரம்பத்துடனும் ஓர் அரமும் அதனை அறிந்த கையும் வேண்டும். இனி வரும் புயலுக்கேனும் நாம் ஆயத்தமாயிருக்க வேண்டாமா?

ஆகவே நாம் சொல்லும் யோசனைகள் மூன்று. வாடகைக்குச் செல்லும் ஒவ்வொரு சங்கிலி ரம்பத்துடனும் உருண்டை அரம், தட்டை அரம், அளவுச் சட்டம், கூராக்கிய மாற்றுச் சங்கிலி ஆகியவை அடங்கிய பை கட்டாயம் செல்ல வேண்டும். மலையின் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் இருவரேனும் இவ்வேலையைக் கையாற் செய்து பழக, கீழ்நெல்லி, விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையங்கள் ஒரு நாள் பயிற்சியை மலைமேலேயே நடத்த வேண்டும். பிரசங்கம் வேண்டாம், அரமும் சங்கிலியும் போதும். ஜமுனாமரத்தூரிலும் புதூர்நாட்டிலும் உழவர் குழுக்கள், பயிற்சி பெற்ற ஒருவரின் பொறுப்பில், நல்ல சாணை ஒன்றை உடைந்த சங்கிலிகளுக்கென்று வைத்துக்கொள்ளலாம். இம்மூன்றுக்கும் ஆகும் செலவு ஒரு புது ரம்பத்தின் விலையோடு ஒப்பிடத் தக்கதன்று.

இவற்றிற்கெல்லாம் காத்திராமல் நிலமுடையவர் இன்றே செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. அடுத்த முறை ரம்பம் வாடகைக்கு வரும்போது, கூலியைப் பேசுமுன், “அரம் எங்கே?” என்று கேளுங்கள். வெளிவருவது சீவலா மாவா என்று பாருங்கள். மாவாயின் வேலையை நிறுத்தி, தீட்டச் சொல்லுங்கள். அந்தப் பத்து நிமிஷத்திற்கும் சேர்த்தே கூலி கொடுங்கள். கொடுவாளைத் தீட்டாமல் காட்டுக்குப் போகாத மலை இது. அந்த நல்வழக்கம் இயந்திரத்திற்கும் பரவுமாக.